உத்திராபதி ஊரைக் காத்த விதம்

நாணல்திட்டில் வாயாலேயே வீடு கட்டி, வாயாலேயே அதற்குப் பால் காய்ச்சி, வாயாலேயே ஊருக்கு விருந்தும் போட்டு அனுப்பக்கூடிய ஆள் ஒருவர்தான். பெயர் உத்திராபதி. வயது ஐம்பத்தெட்டு. தொழில் என்னவென்று கேட்டால் விவசாயம் என்பார். அவர் வயலில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. வயலைப் பற்றிப் பேசித்தான் பார்த்திருக்கிறார்கள்.

நாணல்திட்டு கொள்ளிடம் ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊர். நூற்றிருபது வீடு. மேலே அணையில் தண்ணீரைத் திறந்தால் இரண்டு நாளில் ஊர் வாசலில் நிற்கும். அப்போதெல்லாம் சனங்கள் படகேறிக் கரைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்குவதும், வெள்ளம் வடிந்ததும் திரும்பிப் போய் வீட்டுச் சேற்றை வழித்துக் கொட்டுவதும் வழக்கம். இப்படியே பத்து முறை ஆகியும் பதினோராவது முறைக்கு யாரும் தயாராக இருந்ததில்லை.

அந்த வருஷம் ஊராட்சியில் வெள்ளத் தடுப்புக் குழு என்று ஒன்று போட்டு, நூறு நாள் வேலையை மேற்பார்க்கும் தையல்நாயகியை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். மற்றவர்களாக இருந்தால் பெயர்ப்பலகை மாட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். தையல்நாயகி அப்படிப்பட்டவள் இல்லை. ஆனி மாதமே வீடு வீடாக ஏறி இறங்கினாள். ரேஷன் அட்டை, ஆதார், பட்டா எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே இடத்தில் கட்டி வையுங்கள் என்றாள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பத்து நாள் மாத்திரையைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னாள். நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில், அவர்களை யார் யார் தூக்குவது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினாள். முதல் எச்சரிக்கையிலேயே ஆடு மாட்டைக் கரையேற்றிவிட வேண்டும் என்று கெஞ்சினாள்.

ஊர் சிரித்தது. வெள்ளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறாள் என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். எல்லோரையும்விட உத்திராபதி சத்தமாகச் சிரித்தார். கொள்ளிடத்துக்கே நீச்சல் கற்றுக் கொடுத்தவன் நான், எனக்கா பாடம் என்று கேட்டு அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். ஆடி கடைசியில் வெள்ளம் வந்தபோது அந்த மகான் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுவந்த சாமான்கள் இரண்டு. ஒன்று தலையணை. மற்றொன்று வெற்றிலைப் பெட்டி. அவர் மனைவி செங்கமலம்தான் மூட்டை முடிச்சுகளைத் தலையில் சுமந்துகொண்டு பின்னால் வந்தாள்.

முகாமுக்கு வந்து இரண்டாம் நாள். மழை விட்டு வெயில் அடித்தது. காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, மேலே மறுபடியும் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், நேற்றைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மணிக்கு இங்கே வந்துவிடும், யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிற்று. ஆனால் ஆற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. படித்துறையில் தண்ணீர் இரண்டு படி இறங்கியிருந்தது. நுரையில்லை, சுழலில்லை. சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சாதுத்தனத்தைப் பார்த்துத்தான் வைரக்கண்ணுவுக்கு ஆசை வந்தது. தையல்நாயகியின் கூடப் பிறந்த தம்பி அவன். முப்பது வயது, மீன்பிடிக்கிறவன். அக்கா மூன்று முறை சொல்லியும் கேட்காமல் எட்டு ஆடுகளைத் திட்டின் கோயில் மேட்டிலேயே கட்டிவிட்டு வந்திருந்தான். அந்த மேட்டுக்குத் தண்ணீர் ஏறியதே இல்லை என்பது அவன் கட்சி. இப்போது ஆடுகள் பட்டினி கிடக்குமே என்று இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, போக அரைமணி வர அரைமணி என்று கிளம்ப நின்றான். அவன் படகு படித்துறையில்தான் கட்டிக் கிடந்தது.

தையல்நாயகி வழியை மறித்தாள். மூன்று மணிக்கென்று சொன்ன தண்ணீர் இரண்டு மணிக்கே வந்தால் என்ன செய்வாய் என்றாள். ஆட்டைப் பிடித்து ஏற்றுவதற்கே ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். அவன் நின்று கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இதெல்லாம் உன் நோட்டுல எழுதியிருக்கியாக்கா? அப்ப நோட்டையே அனுப்பி ஆட்டை ஓட்டிட்டு வரச் சொல்லு."

கூட்டாளிகள் சிரித்தார்கள். அவள் கிராம அதிகாரியிடம் ஓடினாள். அவர் கைப்பேசியில் யாருக்கோ பால் பவுடர் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே, எச்சரித்தாகிவிட்டது, மீறிப் போனால் என்ன செய்வது என்று கையை விரித்தார். தீயணைப்புக்காரர்கள் பக்கத்து முகாமுக்குப் போயிருந்தார்கள்.

திரும்பி வரும்போது பெரிய வகுப்பறையில் நாற்பது பேர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வாத்தியார் மேசைமேல் தலையணையைப் போட்டு அதன்மேல் உத்திராபதி வீற்றிருந்தார். தையல்நாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் தொண்டை வறளச் சொன்னபோது நின்று கேட்காத சனம், இந்த வாய்க்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. இருக்கிற கோபத்தை இவர்மேல் கொட்டலாம் என்று உள்ளே போனாள்.

பேச்சு சாம்பாரில் ஆரம்பித்திருந்தது. முகாம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்று யாரோ குறைப்பட்டதற்கு, முன்னேற்பாடு இல்லாத இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று உத்திராபதி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய பெருவெள்ளத்துக்கு அவர் எப்படித் தயாரானார் தெரியுமா? வெறும் அரிசி, பருப்பைச் சேர்த்து வைக்கிறது முட்டாள்களின் வேலை. அவர் ஆயிரம் படி சாம்பார் வைத்து, அதை வெயிலில் சுண்டக் காயவைத்து, அப்பளமாகத் தட்டி, சாக்குச் சாக்காகக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். ஓர் அப்பளத்தைக் கிள்ளி வெந்நீரில் போட்டால் பத்துப் பேருக்குச் சாம்பார் தயார்.

"பரண் எங்க இருந்துச்சு?" என்று செங்கமலம் கேட்டாள். "நமக்கு அப்பக் கூரை வீடு."

உத்திராபதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, ஒரு சாக்கு மட்டும் தவறி ஆற்றில் விழுந்துவிட்டது என்றார். விழுந்த அரைமணியில் கொள்ளிடம் மஞ்சளாயிற்று. பெருங்காய வாசனை இரண்டு கரையும் தூக்கியது. மூன்று நாள் அந்த ஆற்றில் சாம்பார்தான் ஓடியது. கீழே இருக்கிற ஊரிலெல்லாம் பெண்கள் சோறு மட்டும் வடித்து எடுத்துக்கொண்டு படித்துறைக்கு வந்துவிட்டார்கள். கெண்டை மீனெல்லாம் முருங்கைக்காயைக் கவ்விக்கொண்டு திரிந்தது.

துடுப்பைத் தோளில் வைத்து வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வைரக்கண்ணு நின்றான். வேறு எந்தப் புளுகாக இருந்தாலும் போயிருப்பான். ஆறும் மீனும் அவன் தொழில். வாசலில் தலையை நீட்டி, வெள்ளம் ஓடுகிற வேகத்தில் ஒரு சாக்கு சாம்பார் கால்மணிகூடத் தங்காது, மூன்று நாள் எப்படி ஓடும் என்று கேட்டான்.

"ஓடுதேன்னுதானே நானும் ஆச்சரியப்பட்டேன்," என்றார் உத்திராபதி. "அப்புறம்தான் தெரிஞ்சுது, பருப்பு அடியில தங்கிடுச்சு. அதான் ஊறி ஊறி வந்திருக்கு."

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று ஒருத்தன் கிண்டலாகக் கேட்டான்.

"இங்க கொஞ்சம் கம்மிதான். கடல்ல போய்ச் சேர்ந்ததும் சரியாயிடுச்சு."

அறை கொல்லென்று சிரித்தது. வைரக்கண்ணு சிரிக்கவில்லை. கெண்டைக்குக் கவ்வுகிற வாயே கிடையாது என்று விளக்கத் தொடங்கினான். விளக்குவதற்குக் கை வேண்டியிருந்ததால் துடுப்பைக் கதவோரம் சாத்தினான்.

தையல்நாயகி அந்தத் துடுப்பைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றே முக்கால். உத்திராபதியை விரட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டாள். இந்த மனுஷனிடம் போய் இப்படி ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறதே என்று நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டாள்.

"சாம்பார் இருக்கட்டும்ண்ணே. வீட்டை எப்படிக் காப்பாத்துனீங்க?"

உத்திராபதி ஒரு நொடி திகைத்தார். தையல்நாயகி அவரை இளக்காரமாகப் பார்ப்பதுதான் வழக்கம். அவளே கேட்டுவிட்டாள் என்றதும் தலையணையில் இன்னும் கொஞ்சம் உயர்ந்து உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டைச் சுற்றிச் சுரைவிதை போட்டதிலிருந்து தொடங்கினார். கொடியைக் கூரையில் ஏற்றுவது மடையர் செய்வது. அவர் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓட்டை போட்டு உள்ளே படரவிட்டார். சித்திரைக்குள் வீட்டுக்கு அடியில் நானூறு சுரைக்காய். அத்தனையும் முற்றிக் காய்ந்து குடுக்கையாகி நின்றது. வெள்ளம் வந்தது. ஊரில் மற்ற வீடெல்லாம் முழுக, உத்திராபதி வீடு பூப்போல மேலே எழும்பியது. உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்த செங்கமலத்துக்கு விஷயமே தெரியவில்லை. சன்னல் வழியாக ஒரு நாரை தலையை நீட்டி அவளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"நாரை வரல," என்றாள் செங்கமலம். "தண்ணிதான் வந்துச்சு. இடுப்பு மட்டும்."

வீடு மிதந்ததோடு முடியவில்லை. தென்னைமரத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, உலக்கையைத் துடுப்பாகப் போட்டு, வீட்டையே தெருத்தெருவாக ஓட்டினார். விசில் ஊதி, நின்று நின்று ஆளை ஏற்றினார். நாற்பத்திரண்டு பேர், இரண்டு எருமை, ரேஷன் கடைத் தராசு. நடு ஆற்றுக்கு வந்தபோது வடகரை அதிகாரி ஒரு பக்கமும் தென்கரை அதிகாரி ஒரு பக்கமும் படகில் வந்து, இந்த வீடு எந்த மாவட்டம் என்று சண்டை போட்டார்கள். சமையல்கட்டு அங்கே, கூடம் இங்கே என்று பிரித்து எழுதிக்கொண்டு போனார்களாம்.

நானூறு குடுக்கை நாற்பத்திரண்டு பேரைத் தாங்குமா என்று வைரக்கண்ணு தன் கூட்டாளிகளோடு கணக்குப் போட்டான். எருமையைச் சேர்க்காமலே வீடு முழுகிப்போகும் என்று முடிவாயிற்று. உத்திராபதி எருமைகள் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன என்றார். அந்த வழக்கு தீர ஒரு மணி நேரம் ஆயிற்று. நடுவில் சாப்பாடு வந்தது. தட்டைக் கழுவி வைத்ததும் வைரக்கண்ணு வெளியே வந்து ஆற்றை ஒரு பார்வை பார்த்தான். இன்னும் சாதுவாகவே இருந்தது. உள்ளே வந்து துடுப்பை எடுத்தான். இந்த ஆள் பேச்சைக் கேட்டுப் பொழுதை வீணாக்கிவிட்டோம், கிளம்புங்கடா என்றான்.

கெஞ்சினால் போய்விடுவான். அழுதாலும் போய்விடுவான். தையல்நாயகி உத்திராபதியைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணே, அந்த வெள்ளத்துல முதலையைப் பாத்து நீங்க மரத்துல ஏறி ஒளிஞ்சுக்கிட்டீங்களாமே. என் தம்பிதான் சொல்றான்."

வைரக்கண்ணு அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆனால் இல்லை என்று மறுக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. உத்திராபதியோ மேசையை விட்டே இறங்கிவிட்டார். ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவரை யாரும் இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை. தம்பி எங்கேயும் போகக் கூடாது, இங்கே நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, அதற்குமேல் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வாசலை அடைத்து நின்றார்.

முதலைகளைக் கண்டு அவர் ஏன் ஓட வேண்டும்? அவைதான் அவரிடம் வேலை பார்த்தன. மூன்று மாதத்துக்கு முன்பே படித்துறையில் உட்கார்ந்து பழக்கினார். பதினெட்டு முதலை. முதுகில் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டார். நடக்க முடியாத கிழவிகளை ஆளுக்கொரு முதலைமேல் ஏற்றி உட்காரவைத்து, பாதி வழியில் வெற்றிலை இடிக்க நேரம் கொடுத்து, அலுங்காமல் கரைசேர்த்தார். ஏழாம் நம்பர் முதலைக்கு மட்டும் பிடிவாதம். இரண்டு பேர் ஏறினால்தான் கிளம்பும்.

"கடிக்காதா?" என்றான் வைரக்கண்ணு. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"எப்படித் தம்பி கடிக்கும்? வாய் முழுக்க ஜவ்வு மிட்டாய். மென்னு முடிக்க ரெண்டு நாளாகும்ல."

செங்கமலம் கூட்டத்தைப் பார்த்து, எங்கள் வீட்டில் பல்லி கத்தினாலே இவர் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார் என்றாள். வைரக்கண்ணு அதோடு விடவில்லை. முதலை ஓட்டத்துக்கு எதிராக ஆளைச் சுமக்காது, சுமந்தாலும் முங்கிப் போகும், கிழவிகள் என்ன மீனா என்று ஒவ்வொன்றாக மடக்கினான். கூட்டாளிகள் இரண்டு பேரும் உத்திராபதியை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். துடுப்பு கைமாறிக் கைமாறி, கடைசியில் முதலையின் நீளத்தைக் காட்டுகிற அளவுகோலாகத் தரையில் கிடந்தது.

மணி இரண்டரை. உத்திராபதிக்குக் குரல் கம்மிவிட்டது. தையல்நாயகி போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாழ்நாளில் அவள் கையால் வாங்கிய முதல் மரியாதை அது. குடித்துவிட்டு, அவள் கேட்காமலே முடிவுக்கு வந்தார். சாம்பார், வீடு, முதலை எல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை, ஊரைப் பழக்கியது. தினமும் காலையில் விசில் ஊதுவார். நூற்றிருபது வீடும் சாமான், சட்டி, கோழி, குஞ்சோடு நாலு நிமிஷத்தில் கரையில் நிற்கும். மூன்று நிமிஷமாயிற்று. இரண்டாயிற்று. கடைசியில் விசில் ஊதுவதற்கு முன்பே போய் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். அன்றைக்கு வெள்ளம் முப்பது அடி உயரத்துக்குக் கர்ஜித்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. பார்த்தால் ஓர் ஆள் இல்லை. ஒரு சட்டி இல்லை. அடித்துக்கொண்டு போக ஒரு துடைப்பக்கட்டைகூட இல்லை.

"வெக்கமாப் போச்சு அதுக்கு," என்றார் உத்திராபதி, பாதிக் காற்றும் பாதிக் குரலுமாக. "வந்த வழியே திரும்பிடுச்சு. ஒரு நாள் முழுக்கக் கொள்ளிடம் மேற்கால ஓடுச்சு தம்பி. அணையில இருந்தவங்க, யாரு இதைத் திருப்பி அனுப்புனதுன்னு கேட்டாங்களாம்."

வைரக்கண்ணு எழுந்துவிட்டான். ஆறு மேற்கே ஓடுமா, சொல்லுங்கள், உங்கள் வாயால் சொல்லுங்கள், ஓடுமா என்று அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே சத்தம் கேட்டது. முதலில் லாரி வருகிற மாதிரி இருந்தது. பிறகு லாரி நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. வேரோடு மரங்கள், ஒரு வைக்கோல்போர், யார் வீட்டுக் கூரையோ ஒன்று. படித்துறையில் ஒவ்வொரு படியாக எண்ணி முடிப்பதற்குள் ஏழு படி மறைந்தது. வைரக்கண்ணுவின் படகு கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டு, இரண்டு முறை குப்புறப் புரண்டு, அப்புறம் காணவில்லை. நடு ஆற்றில் கோயில் மேடு இருந்த இடத்தில் வேப்பமரத்தின் உச்சி மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அதுவும் இல்லை.

வைரக்கண்ணு கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எட்டும் சினை ஆடு என்று அவன் யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னான். தையல்நாயகி பக்கத்தில் போய் நின்றாள். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் அவன் தோளில் கையை வைத்தாள். அவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

சாயங்காலம் டீ வந்தபோது எல்லோரும் மறுபடி வகுப்பறையில் கூடினார்கள். உத்திராபதிதான் மெல்ல ஆரம்பித்தார். குரல் போய்விட்டதால் பக்கத்தில் வந்து கேட்டால்தான் கேட்டது.

"இன்னிக்கு நான் மட்டும் பேசலைன்னா இந்த மூணு பசங்களும் போயிருப்பானுங்க. மூணு உசிரை வாயாலயே புடிச்சு வச்சிருக்கேன்."

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. காலையிலிருந்து சிரித்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி சிரித்தது. ஊரே முழுகிக் கிடக்கிறது, இவர் உயிரைக் காப்பாற்றினாராம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். வைரக்கண்ணு, நானாக யோசித்துத்தான் நின்றேன், இவர் பேச்சுக்கு யார் நின்றது என்று முறைத்தான்.

உத்திராபதி திரும்பித் தையல்நாயகியைப் பார்த்தார். அவர் கண்ணில் இதுவரை அவள் பார்த்திராத ஒரு கெஞ்சல் இருந்தது.

"நீ சொல்லு தையலு. நீதானே கேட்டுக் கேட்டு வச்சே."

அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். சாகிறவரைக்கும் இந்த மனுஷனைப் பிடிக்க முடியாது. அதுகூடப் போகட்டும். அடுத்த வருஷம் அவள் வீடு வீடாகப் போய் நிற்கும்போது, ரேஷன் அட்டையை எதற்குக் கட்டி வைக்க வேண்டும், ஆட்டை எதற்கு அவிழ்க்க வேண்டும், அதுதான் உத்திராபதியின் வாய் இருக்கிறதே என்று இந்தச் சனம் கேட்கும். நிச்சயம் கேட்கும்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"காலையிலேருந்து நீங்க சொன்னதுலயே பெரிய புளுகு இதுதாண்ணே," என்றாள்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. உண்மையைச் சொல்லிப் பழக்கமில்லாததால், அதை எப்படி நிரூபிப்பது என்று உத்திராபதிக்குத் தெரியவில்லை. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.